பூட்டு ஊர்க்காரர்கள் கடையைப் பூட்டத் தயங்கலாமா?



நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பகல் நேரத்தில் சொந்தக் கடைக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்றால் மட்டும் நமக்குக் கை வராது. துக்க வீடு, வீட்டுக் கல்யாணம், மே 5 வணிகர் தினம் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதற்கும் நான் கடை அடைத்ததாக நினைவில்லை. மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, "அப்பா, தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் பார்க்கணும்" என்று கேட்டான். "சீசன் முடியட்டும்" என்றேன். மொத்த வியாபாரிக்குச் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது? தீபாவளி முடிந்தால் பொங்கல், பொங்கல் முடிந்தால் கல்யாண மாதம், அது முடிந்தால் ஆடித் தள்ளுபடி. குலதெய்வம், திருச்செந்தூர் என்று போனதுண்டு; சாமி கும்பிட்டுக் கடலில் கால் நனைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பியதோடு சரி. பையன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். இன்று அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

போன வருடம் ஒரு நாள் பிளஸ் ஒன் படிக்கும் என் பேரன் அவனிடம் ஏதோ கேட்டான். மகன் சிட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "சீசன் முடியட்டும்டா" என்றான். என் வார்த்தை, என் குரல். பேரன் ஒன்றும் சொல்லாமல் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடையைக் கைமாற்றிக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். கூடவே இதையும் அல்லவா கொடுத்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம் சங்கத்தில் பலருக்கு வீட்டில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படும்.

எந்த ஊர்? யார் முடிவு?

பேரன் கோவா என்றான். எட்டாவது படிக்கும் பேத்தி புதுச்சேரி என்றாள். நான் தூத்துக்குடி என்றேன். இருவரும் சிரித்தார்கள். "உப்பு மூட்டையிலே எழுதியிருக்கிற ஊர்தானே தாத்தா?" என்றாள் பேத்தி.

கோவாவுக்குப் போகவும் வரவும் மட்டுமே இரண்டு நாள் போய்விடும். கடையை அவ்வளவு நாள் அடைக்க முடியாது. தூத்துக்குடி நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 210 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு கடற்கரையில். வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஊரின் பகட்டு முக்கியம் இல்லை, ஊரில் அவர்கள் நேரம் அதிகம் இருப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

ஒரு பேரம் பேசினோம். ஊரும் மொத்தத் தொகையும் என் முடிவு. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்கு எழுவது எல்லாம் அவர்கள் இருவர் முடிவு. ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு ரூ.28,000 என்று எண்ணி ஒரு பெட்டியில் போட்டு, நாள்வழிக் குறிப்பேடு ஒன்றையும் வைத்துப் பேரன் கையில் கொடுத்தேன். கணக்கு எழுத வேண்டியது பேத்தி. பெரியவர்கள் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது.

என் மருமகள் பயந்தாள். "தொலைச்சுட்டா என்ன மாமா செய்யிறது?" என்றாள். கடையில் நேற்றுச் சேர்ந்த பையனை நம்பி இதைவிடப் பெரிய தொகையை வங்கிக்குக் கொடுத்து அனுப்புகிறோம். சொந்தப் பிள்ளையை நம்பக் கூடாதா?

நாள் பார்த்தல்

வியாபாரிக்குச் சுற்றுலா நாள் பார்ப்பது முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். மாதம் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20-ஆம் தேதி 3பி. எனவே 20-க்குப் பிறகுதான் மனம் நிம்மதியாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்திருக்க வேண்டும். மே மாதம் கத்திரி வெயில். ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வைத்தோம். ஞாயிறு எப்படியும் கடை விடுமுறை என்பதால் வியாபாரத்துக்கு இழப்பு இரண்டு நாள்தான். மதுரையைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளாக இல்லாதபடியும் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் கிடைக்கும், விலையும் கூடுதல். மீனுக்காகவே போகிறவர்கள் ஜூன் பாதிக்குப் பிறகு போகலாம். ஆனால் எங்களுக்கு உப்பளம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குக் கோடைதான் சரி.

அரையாண்டு விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பயணிகள் நாள் கணக்கில் தவித்தார்கள். அங்குள்ள நம் வணிகச் சகோதரர்கள் எத்தனையோ பேர் சரக்கை அப்படியே இழந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிக்கை பார்க்காமல் அந்தப் பக்கம் குடும்பத்தோடு கிளம்ப வேண்டாம்.

கடையை மூடும் முறை

பத்து நாள் முன்பே கடையில் பலகை எழுதி வைத்தோம். வாடிக்கைச் சில்லறைக் கடைக்காரர்கள் எண்பது பேர் சுமாருக்கு மகன் தனித்தனியே போனில் சொன்னான். "மூணு நாளைக்குச் சேர்த்து எடுத்துக்குங்க" என்றதில் புதன், வியாழன் இரண்டு நாளும் வழக்கத்தைவிட நல்ல விற்பனை. வரவேண்டிய லாரிகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளச் சொன்னோம். லோடுமேன்களுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அந்த இரண்டு நாள் கூலியைக் கையில் கொடுத்தோம். நாம் உல்லாசமாகப் போக, அவர்கள் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது.

திரும்பி வந்து பார்த்ததில் ஐந்து பேர் அந்த நாட்களில் வேறு இடத்தில் சரக்கு எடுத்திருந்தார்கள். நால்வர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவர் இதுவரை வரவில்லை. அவருக்கு எங்களிடம் பழைய பாக்கி உண்டு என்பது வேறு விஷயம். மூன்று நாள் பூட்டியதற்கு நாங்கள் கொடுத்த விலை அவ்வளவுதான்.

வழியில் ஒரு பாடம்

வேன் வைத்துக்கொண்டோம். மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழி. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டையும், 1947-இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தையும் பார்த்தோம். அங்கிருந்து சற்று விலகி ஓட்டப்பிடாரம் போய் வ.உ.சி. பிறந்த இல்லத்துக்கும் போனோம். இது பேத்தி போட்ட திட்டம். பள்ளிப் பாடத்தில் வந்ததாம். பேரனுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. வேனிலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுபடி வண்டி கிளம்பியதும் நான் வ.உ.சி.யை ஒரு வியாபாரியாக அவனுக்குச் சொன்னேன். 1906-இல் சுதேசி கப்பல் கம்பெனி. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. உடனே வெள்ளைக்காரன் இலவசமாகவே ஏறிக்கொள்ளுங்கள் என்றான். ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இனாம் கொடுத்தான். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

பேரன் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டான். காமர்ஸ் படிக்கிற பையன். "தாத்தா, இப்போ ஆன்லைன்காரங்க செய்யிறதும் இதுதானே? அடக்க விலைக்குக் கீழே கொடுத்து, பக்கத்துக் கடை மூடினதும் விலையை ஏத்துறது?" என்றான். நம் சங்கக் கூட்டங்களில் வருடக்கணக்காகப் பேசும் விஷயம் அவன் வாயிலிருந்து வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த என் மகன் திரும்பிப் பார்த்தான். அப்பனும் பிள்ளையும் தூத்துக்குடி போய்ச் சேரும் வரை விலை, லாபம், கடன் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். கடையில் இத்தனை வருடத்தில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

உப்பு விற்றவன் உப்பளம் பார்த்தது

நாற்பது வருடமாக நான் தூத்துக்குடி உப்பு விற்கிறேன். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது அங்கேதான். ஆனால் ஒருநாளும் அளத்தில் நான் கால் வைத்ததில்லை. எங்களுக்கு உப்பு அனுப்புகிறவரை முப்பது வருடமாகக் குரலாக மட்டுமே தெரியும். போன் செய்து, குடும்பத்தோடு வந்திருப்பதாகச் சொன்னதும், "அண்ணாச்சி, விடியக் கருக்கல்லயே வந்திருங்க, வெயில் ஏறினா கண்ணு கூசும்" என்றார். நேரில் பார்த்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

தண்ணீரைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலில் உறையவிட்டு, பாத்திக்குப் பாய்ச்சுகிறார்கள். பாத்தியில் உப்புப் பூத்ததும் வாருபலகையால் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் வெடித்த பெண்கள் கூடை கூடையாகச் சுமக்கிறார்கள். அந்த வெள்ளையில் வெயில் பட்டால் பார்வையே கெட்டுப்போகும். மழை பெய்தால் வேலை கிடையாது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதியது இந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, நாம விக்கிற விலையிலே இவங்களுக்கு எவ்வளவு போகும்?" எனக்கு லாரி வாடகை தெரியும், சாக்கு விலை தெரியும், ஏற்று இறக்குக் கூலி தெரியும். இது மட்டும் தெரியவில்லை. அனுப்புகிறவரைக் கேட்டேன், சொன்னார். அதற்குப் பிறகு நான் உப்பு மூட்டைக்கு அடித்துப் பேரம் பேசுவதில்லை.

பிள்ளைகள் தனியே போன இரண்டு மணி நேரம்

பழைய துறைமுகத்தில் தோணிகளைப் பார்த்தோம். மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள் எல்லாம் இன்றும் தோணியில் போகின்றன. மூட்டைகளைக் காட்டி, "இது நம்ம பக்கத்து வெங்காயமா இருக்குமோ?" என்று பேரன் கேட்டான். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி வருவதாக அங்கிருந்த சுமைதூக்குபவர் சொன்னார். நம் சந்தையில் லாரி ஏறும் சரக்கு எங்கே போய் இறங்குகிறது என்பதை அவன் கண்ணால் பார்த்தான். பெரிய துறைமுகத்துக்குள் போக முன் அனுமதி வேண்டும். ஒட்டியுள்ள முயல்தீவுக் கடற்கரையிலிருந்து கப்பல்கள் தெரியும். என் மகன் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தான்.

1713-இல் கட்டிய பனிமய மாதா பேராலயமும், மறுநாள் திருச்செந்தூரும் என் மனைவிக்காக. மலைமேல் இருக்கும் நம் பழனியைப் பார்த்த கண்ணுக்குக் கடலோரத்தில் முருகனைப் பார்ப்பது தனி நிறைவு. உப்புக் கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பேத்தி நம்பவே இல்லை. குடித்துப் பார்த்துத்தான் நம்பினாள்.

சனிக்கிழமை மாலை பேரன் ஒரு வேண்டுகோள் வைத்தான். இரண்டு மணி நேரம் அவனும் தங்கையும் மட்டும் கடைவீதியைச் சுற்றிவர வேண்டும். மருமகளுக்கு மனமில்லை. அனுப்பிவைத்தோம். இருபது நிமிடம் தாமதமாக வந்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் எங்கள் மூச்சு பாதி நின்றுவிட்டது. ஆனால் கையில் ஒரு காகிதம். நான்கு கடைகளில் மக்ரூன் விலை விசாரித்து எழுதியிருந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான் சரக்கு. முந்திரி கூடக் கூட விலை கூடுகிறது என்று பேரன் விளக்கினான். "அஞ்சு கிலோ எடுத்தா என்ன விலைன்னு கேட்டேன், குறைச்சுத் தர்றாங்களாம்" என்றான். கடைக்கு வா என்று எத்தனை முறை கூப்பிட்டும் வராத பையன்! இது ரத்தத்தில் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பணப்பெட்டி அவன் கையில் இருந்ததால் வந்தது.

கணக்கு முடித்தது

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கே ரூ.3,100 போட்டுத் தீர்த்துவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் மதியம் தாங்களாகவே ஒரு சிறிய மெஸ்ஸைக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனார்கள். ஊர் திரும்பிய இரவு கணக்குப் பார்த்தோம். வேன் வாடகை, டிரைவர் பேட்டா ரூ.11,500, இரண்டு அறைக்கு இரண்டு நாள் வாடகை ரூ.6,000, சாப்பாடு ரூ.7,350, மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி ரூ.2,150, இதர செலவு ரூ.640. ஆக ரூ.27,640. பெட்டியில் ரூ.360 இருக்க வேண்டும். இருந்தது ரூ.220.

நூற்று நாற்பது ரூபாய் உதைத்தது. பேரன் தூங்கப் போகவில்லை. பதினோரு மணிக்குப் பேத்தி மெல்லச் சொன்னாள். உப்பளத்தில் அந்தப் பெண்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "அது செலவு இல்லையே தாத்தா, அதான் எழுதலை" என்றாள்.

எங்கள் அப்பா காலத்துப் பேரேட்டை எடுத்து வந்து காட்டினேன். அதில் மகமை என்று ஒரு கணக்கு உண்டு. வியாபாரத்தில் வருவதில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். பள்ளிக்கூடமும் தண்ணீர்ப் பந்தலும் அந்தப் பணத்தில் நடந்தன. கொடுப்பதையும் எழுதத்தான் வேண்டும் என்று சொன்னேன். "மகமை ரூ.140" என்று பேத்தி எழுதினாள். கணக்கு நேரானது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

1. மாதம் 20-ஆம் தேதிக்குப் பிறகு, ஞாயிறு சேரும்படி மூன்று நாள் வையுங்கள். பத்து நாள் முன்பே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

2. மொத்தத் தொகையை நிர்ணயித்துப் பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தவறு செய்தால் உடனே திருத்தாதீர்கள். மறுநாள் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

3. ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் பிடித்தது ஒன்றாவது இருக்கட்டும்.

4. கடல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, இடுப்பளவுத் தண்ணீரோடு நிற்க வேண்டும். நாம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்றில் அலை கிடையாது.

5. கடை போனை இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், போதும். பிள்ளைகளைச் செல்போனைக் கீழே வை என்று சொல்லும் முன் நாம் வைக்க வேண்டும்.

6. நீங்கள் விற்கும் ஒரு பொருள் விளையும் இடம் அல்லது இறங்கும் இடம் அந்த ஊரில் இருந்தால் அவசியம் காட்டுங்கள்.

பேரன் கடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டானா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பிளஸ் டூ. அதற்குப் பிறகு எந்த ஊர்க் கல்லூரியோ. வீட்டில் அவன் இருக்கப் போகும் கோடை விடுமுறை இன்னும் ஒன்றோ இரண்டோதான். "அடுத்த தடவை நாகப்பட்டினம் பக்கம் போகலாம் தாத்தா, நான் இப்பவே ரேட் விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா பக்கத்தில்தான் இருந்தான். சீசன் முடியட்டும் என்று சொல்லவில்லை. காலண்டரை எடுத்து எந்த மாதம் என்று பார்த்தான்.